யாழ்ப்பாண முற்றுகையைக் காட்டச் செல்வோர்க்கு

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாண முற்றுகையை மாணாக்கருக்கு நேரிற் காட்ட விரும்புவோர், கோட்டை வாயிலிலே பயணத்தைத் தொடங்குதல் தகாது. இன்று காணும் ஐங்கோண மதில் அம்முற்றுகையைக் கண்டதன்று. போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை அகற்றிப் பின்னர் எழுப்பிய மதில் அது. அதிலுள்ள குண்டுத் தழும்புகளோ 1990ஆம் ஆண்டையொட்டிய போரைச் சார்ந்தவை.

ஆதலின் முதலில் ஊர்காவற்றுறைக்குச் செல்லுங்கள். அதற்கும் காரைநகருக்கும் இடையே நீர் சூழ நிற்கிறது கடற்கோட்டை. இதனை வீழ்த்தியது தாகம். குடிநீர் அற்றுப்போகவே, உள்ளிருந்தோர் ஒல்லாந்தத் தளபதி வான் கூன்சிடம் பணிந்தனர். சுற்றிலும் நீர், குடிக்க ஒரு மிடறு இல்லை! மாணாக்கர் மனத்திற் பதிய வேறு விளக்கம் வேண்டா. அக்கோட்டை கடற்படையின் பொறுப்பில் உள்ளமையால், உள்ளே செல்ல முன்னரே ஒழுங்கு செய்தல் வேண்டும். இயலாதாயின் இறங்குதுறையிலிருந்தே காட்டலாம்.

பின்னரே யாழ்ப்பாணம். அங்கே முற்றுகை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. கோட்டையுள் அடைக்கலம் புகுந்த மக்களும் பசிக்கும் நோய்க்கும் இரையாயினர். யூன் மாதத்திற் கோட்டை பணிந்தது. ஒல்லாந்தப் படையுடன் வந்த பால்தேயுஸ் பாதிரியார், 1672இல் வெளிவந்த தம் நூலில் இப்போரைப் பற்றி எழுதியுள்ளார். வென்றவர் பக்கத்துச் சாட்சி அது. மதில்மேல் ஏறி நிற்கும்போது அதனையும் மாணாக்கருக்குச் சொல்லிவிடுங்கள்.