புயலில்லா மழையும் மழையில்லாப் புயலும்

ஐப்பசி பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கேள்வி உலவும்: ‘புயல் ஏதும் வருதாமா?’ நாகப்பட்டினத்தில் இதை அச்சத்தோடு கேட்பார்கள், இங்கே ஆசையோடு. கண்மாய் மறுகால் பாய வேண்டும் என்ற ஆசை அது. புயல் வந்தால்தான் மழை என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

2015 வலுவான எல் நினோ ஆண்டு; பசிபிக் பெருங்கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடேறுவதுதான் எல் நினோ. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் பெயர் சூட்டத் தக்க ஒரு புயல்கூட எழவில்லை. சப்பாலா, மேக் என்ற இரண்டு கடும் புயல்களும் அரபிக் கடலில் பிறந்து ஏமன் பக்கம் போயின. ஆயினும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கொட்டியது, சென்னை மூழ்கியது.

2016 வலுக்குறைந்த லா நினா ஆண்டு; அதே கடற்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்வது லா நினா. அதே மூன்று மாதங்களில் வங்கக் கடல் கியான்ட், நாடா, வர்தா என மூன்று புயல்களை ஈன்றது. பருவமழையோ இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஏப்ரலில் வைகை அணையில், நீர் ஆவியாகாமலிருக்க விடப்பட்ட தெர்மாகோல் அட்டைகள் மிதந்தன. நாடே சிரித்தது, அட்டை போட்டுக் காக்கும் அளவுக்குத் தண்ணீர் சுருங்கியிருந்தது அந்தச் சிரிப்பில் மறைந்துபோயிற்று.

இந்த முரணை அவிழ்ப்பது காற்று. எல் நினோவின்போது இந்தோனேசியத் தீவுகளை ஒட்டிக் காற்றழுத்தம் கூடுகிறது. வங்கக் கடல்மேல் புயலுக்கு வேண்டிய சுழற்சி தளர்கிறது. ஆனால் அந்த உயர் அழுத்தமே கீழைக் காற்றைத் தென்னிந்தியாவை நோக்கித் தள்ளி ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. லா நினாவின்போது நிலநடுக்கோட்டை ஒட்டி மேலைக் காற்று வலுக்கிறது. கடலில் சுழற்சி கூடிப் புயல்கள் உரம் பெறுகின்றன. நம் பக்கம் வரவேண்டிய கீழைக் காற்று தளர்கிறது. புயல்கள் பிறக்கும் இடமும் அப்போது 87 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே நகர முற்படுகிறது. புயலை மறுக்கும் கையே மழையை நீட்டுகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் என்னை வியக்க வைப்பது.

இத்தனை துலக்கமான எடுத்துக்காட்டு கிடைத்ததற்கு இந்தியப் பெருங்கடலுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2015இல் அதன் மேற்குப் பாதி சூடேறி எல் நினோவோடு கைகோத்தது. 2016இல் கிழக்குப் பாதி சூடேறி லா நினாவோடு சேர்ந்தது. பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் எப்போதும் இப்படி ஒத்துழைப்பதில்லை. எல் நினோ தலைகாட்டிய 2018இல் கஜா புயல் வந்தது; கரையேறி, திண்டுக்கல் மாவட்டத்தையும் கொடைக்கானல் மலையையும் உலுக்கிவிட்டு அரபிக் கடலுக்குப் போனது. அந்தப் பருவத்தில் மழை ஏறத்தாழ கால் பங்கு குறைவு. 2021 லா நினா ஆண்டு. மழையோ 59 விழுக்காடு மிகுதி. ஆகவே இதை விதி என்று சொல்லத் துணியேன். சாய்வு என்று சொல்லலாம்.

மதுரைக்கு வந்தால் இந்தச் சாய்வு இன்னொரு முறை மடங்குகிறது. இங்குள்ள வயல்கள் தம் தலைமேல் பெய்யும் மழையை மட்டும் நம்பியவை அல்ல. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரும் மலையைக் குடைந்து வருகிறது. அந்தத் தண்ணீருக்குத் தென்மேற்குப் பருவம் பெரிய ஆதாரம். எல் நினோ தென்மேற்கை மெலிவித்து வடகிழக்கை ஊட்டும். லா நினா தென்மேற்கை ஊட்டி வடகிழக்கை மெலிவிக்கும். 2015இல் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்ததையும், அதே ஆண்டின் இறுதியில் தமிழகத்தில் வெள்ளம் வந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாற்றுத் தண்ணீர் பாய்வது 45,041 ஏக்கர் இருபோக நிலம். அங்கே முதல் போகத்துக்கு ஜூனில் மதகு திறக்கக் காத்திருப்பவர், கணக்குப் பார்த்தால், லா நினாவின் பக்கம் நிற்க வேண்டியவர். பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைப்பவர் எல் நினோவின் பக்கம். ஒரே மாவட்டத்துக்காரர்கள்தான், ஒரே சந்தைக்கு வருகிறவர்கள்தான். பசிபிக்கின் ஒரே சூட்டை ஒருவர் வரவில் எழுத, மற்றவர் செலவில் எழுதுகிறார்.