பின்னலைக் காத்த பேரரசு

1872ஆம் ஆண்டு. சாங்காய்த் துறைமுகத்திலே 30 சிறுவர்கள் கப்பலேறுகின்றனர். நீண்ட அங்கி, முதுகிலே தொங்கும் பின்னல், பன்னிரண்டு, பதின்மூன்று வயது. செல்லுமிடம் அமெரிக்கா. நோக்கம் கல்வி. காலம் பதினைந்து ஆண்டுகள்! பிள்ளை அங்கே மாண்டாலும் அரசு பொறுப்பல்ல என்று பெற்றோரிடம் எழுதி வாங்கியிருந்தனர்.

இதற்கு வித்திட்டவர் யுங் விங். மக்காவ் அருகே ஏழைக் குடியிலே 1828இல் பிறந்தவர். பாதிரிமார் பள்ளியிலே பயின்றவர். 1854இல் யேல் பல்கலைக் கழகத்திலே பட்டம் பெற்றவர். அமெரிக்கப் பல்கலைக் கழகமொன்றிலே பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. தான் பெற்ற கல்வி தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டுமென்று பல்லாண்டு வாதாடினார். அரண்மனை எளிதிலே செவி சாய்க்கவில்லை. இரண்டு அபினிப் போர்களிலே அடிபட்ட பிறகே, பீரங்கி வார்க்கவும் கப்பல் கட்டவும் கற்றாக வேண்டுமென்று செங் குவோபான், லி ஹங்சாங் போன்ற பெருந்தலைவர்கள் உணர்ந்தனர். 1875க்குள் 120 சிறுவர்கள் அனுப்பப்பட்டனர்.

கனெக்டிகட் பகுதியிலே இருவர் மூவராக அமெரிக்கர் இல்லங்களிலே வளர்ந்தனர். ஆங்கிலம் வசமாயிற்று, கணக்கும் விஞ்ஞானமும் கற்றனர், பந்தாட்டத்திலே பெயரெடுத்தனர். ஆனால், ஹார்ட்போர்டு நகரிலிருந்த தலைமை நிலையத்துக்கு வந்தால் பழைய ஏடுகளை உருப்போட வேண்டும். பேரரசர் இருக்கும் திசை நோக்கி மண்டியிட வேண்டும்! உலகைக் கற்க வேண்டுமாம், உள்ளம் மட்டும் உருமாறக் கூடாதாம்!

பின்னலின் கதையைக் கேளுங்கள், தோழர்களே! அது சீன மக்களின் பழம்பெரும் வழக்கமா? அன்று! 1645இல், வென்று வந்த மஞ்சு அரசர், சீன ஆடவர் மீது வாளைக் காட்டித் திணித்த அடிமைச் சின்னம். அதை அறுத்தால் தலை போகும். அச்சத்தால் வளர்த்த மயிர், இருநூறு ஆண்டுகளிலே ‘மரபு’ ஆகிவிட்டது, மானமென்றும் பேசப்பட்டது. கடல் கடந்தால் தீட்டு என்று பிராயச்சித்தம் கேட்ட நாட்டிலே பிறந்த நமக்கு இது வியப்பளிக்காது. மரபென்று சொல்லப்படுவது என்று தோன்றியது, எவர் கொண்டுவந்தது என்று கேட்டால் போதும், பாதி மரபுகள் பதில் சொல்லத் திணறும்.

சிலர் பின்னலை அறுத்தனர். மண்டியிடக் கூசினர். மாதா கோயிலுக்கும் போனார்கள். கண்காணிக்க வந்த அதிகாரிகள் பதறினர். பீக்கிங்குக்குப் புகார்கள் பறந்தன.

பழியைப் பீக்கிங்கின் தலையிலே மட்டும் சுமத்துவது நேர்மையன்று. சீன மாணவர்க்கு அரசுக் கல்விக் கூடங்களிலே இடமளிப்பதாக 1868இல் உடன்படிக்கை செய்த அமெரிக்கா, தன் இராணுவ, கடற்படைக் கல்லூரிகளிலே அவர்களைச் சேர்க்க மறுத்தது. சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் சட்டத்தையும் 1882இல் கொண்டுவந்தது. ஒரு கரையிலே சனாதனம். மறு கரையிலே நிறவெறி!

1881இல் அழைப்பாணை வந்தது. அதற்குள் பட்டம் முடித்தவர் இருவர் மட்டுமே. தாயகம் திரும்பியவர்களுக்கு மாலையா, மரியாதையா? காவலர் சூழ, பாழடைந்த கட்டடத்திலே அடைத்து வைத்தனர்.

பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் ஜான் தியான்யூ. யேலிலே கட்டடப் பொறியியல் கற்ற அவரைக் கடற்படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்! இரும்புப் பாதைப் பணி கிடைக்க ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். பின்னர், 1905 முதல் 1909 வரை, மலைகளைக் குடைந்து, பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்குப் பாதை அமைத்தார், அயல்நாட்டுப் பொறியாளர் ஒருவர்கூட இன்றி.

திரும்பி வந்த சிறுவர்களில் வேறொருவரான லியாங் செங், வாஷிங்டனிலே சீனத் தூதரானார். 1900ஆம் ஆண்டுக் கலகத்துக்காகச் சீனாவிடம் அமெரிக்கா பெற்ற அபராதத்திலே மிகையானதைத் திருப்பித் தர வேண்டுமென்று வாதாடினார். 1908இல் அமெரிக்கா இசைந்தது. அந்தப் பணம் மாணவரை அனுப்பச் செலவாயிற்று. 1909இல் முதல் அணியாக 47 பேர் புறப்பட்டனர். அவர்களை அழைத்துச் சென்றவர் டாங் குவோஆன், 1881இல் பாதிப் படிப்பிலே திருப்பியழைக்கப்பட்ட சிறுவர்களில் ஒருவர்.