வாக்குரிமை (காஞ்சிபுரம் வட்டாரம்)

ஊர்ப் பொறுப்பில் அமர்வோரைத் தெரிந்தெடுக்கும் உரிமை காஞ்சிபுரம் வட்டாரத்தில் யார் யாருக்கு இருந்தது, அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பதை இக்கட்டுரை கூறும்.

குடத்தில் ஓலையிட்டு ஆளைத் தேர்வது தமிழகத்தின் பழைய வழக்கம். அகநானூற்றின் 77ஆம் பாட்டில் அதற்குக் குறிப்பு உண்டு. சபையினர்க்குரிய தகுதிகளைப் பாண்டி நாட்டு மானூர்க் கல்வெட்டும் பேசுகிறது. ஆனால் முறை முழுவதையும் விரித்துரைப்பவை காஞ்சிபுரத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரின் இரு கல்வெட்டுகளே. இவற்றைக் கல்வெட்டறிஞர் வெங்கையா 1904-05ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் பதிப்பித்தார். பல்லவர் காலப் பிரமதேயமான (பிராமணர்க்குக் கொடையளித்த ஊரான) உத்திரமேரூரின் சபை, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (919) 14ஆம் ஆட்சியாண்டிலும் (921) கூடி விதிகளை வகுத்தது. முதல் கூட்டத்தில் அரசன் ஆணைப்படி தத்தனூர் மூவேந்தவேளான் உடனிருந்தான். இரண்டாம் கூட்டத்தில் சோமாசிப்பெருமான் இருந்தான். வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபச் சுவரில் அவ்விதிகளை இன்றும் காணலாம்.

ஊர் குடும்பு எனும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதப்படும் தகுதி பெற, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும். கல்வியில் மிக்கவருக்கு அரைக்கால் வேலி போதும். 919இல் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது, 921இல் 35க்கு மேல் 70க்குள் என மாறியது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் (ஊர்ப் பணிக்குழுப் பொறுப்பு) செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் இல்லை; அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் இல்லை. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்த நேர்ந்ததைப் பார்த்தால், முதல் ஏற்பாட்டில் சபை ஏதோ குறை கண்டிருக்க வேண்டும்.

தேர்வு நாளில் சிறுவர் முதல் முதியோர் வரை சபை நிறையக் கூட வேண்டும். கோயில் நம்பிமார் (பூசகர்) ஒருவர் விடாமல் வந்து அமர வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். பிறகு அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிப்பர். ஓலையை ஒளிக்க இடந்தராத அந்த விரித்த கையைக் கல்லில் பொறித்து வைத்த அக்கறை போற்றத்தக்கது. இவ்வாறு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன 360 நாளுக்கு அமைந்தன.

இதனை மக்களாட்சியின் முன்னோடி என்பாரும், நிலமுடைய பிராமணருக்குள் நடந்த திருவுளச் சீட்டே என்பாரும் உளர். பெண்களுக்கும் உழுகூலிகளுக்கும் கைவினைஞர்க்கும் குடத்தில் ஓலையில்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை. எனினும், காஞ்சி நெசவாளர் சேரிகள் அந்நகரின் ஊரகம் எனும் கோயிலின் அறநிதியைப் பேணும் பொறுப்புப் பெற்றதை உத்தம சோழனின் செப்பேடு காட்டுகிறது. சபைக்கு வெளியிலும் பொறுப்பேற்கும் அமைப்புகள் இருந்தன என்பதற்கு இது சான்று.

சோழர்க்குப் பின் சபைகள் மங்கின. நெடுங்காலம் கழித்து, ஆங்கிலேயர் ஆட்சியில், காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் அமைந்தது.

காஞ்சிபுரம் அடங்கிய சென்னை மாகாணத்தில் பெண்கள் வாக்குரிமைக்கான முயற்சி சென்னை அடையாற்றில் தொடங்கியது. 1917 மே மாதம் டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசண்ட் ஆகியோர் இந்திய மாதர் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து, ஆண்களுக்குரிய அதே வாக்குரிமையைக் கேட்டது. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. சங்கம் விடவில்லை, கிளைகள் அமைத்தது, ‘ஸ்திரீ தர்மா’ இதழ் நடத்தியது, லண்டன் வரை சென்று வாதாடியது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணச் சபைகளிடம் விட்டது. 1921 ஏப்ரல் 1 அன்று சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். சொத்துத் தகுதி நீடித்ததால், காஞ்சியின் தறி வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர்க்கு இதனால் பயன் கிட்டியிருக்க வாய்ப்பில்லை. 1926 தேர்தலில் மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றார். அந்த எண்ணிக்கையில் நூல்கள் வேறுபடுகின்றன. சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அதன் துணைத் தலைவரானார்.

சொத்து, கல்வித் தகுதிகளை அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு நீக்கியது. முதல் பொதுத்தேர்தலில் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, மகள் என்று மட்டும் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலத்தவர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். காஞ்சிபுரத்தில் 1957இல் வென்ற அண்ணாதுரை 1962இல் நடேச முதலியாரிடம் தோற்றார். வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18 ஆனது.

தமிழ்நாட்டில் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், பட்டியல் சாதியினர்க்கு மக்கள்தொகைக்கேற்ற பங்கும் ஒதுக்கப்பட்டன. மதுரை மாவட்டம் மேலவளவில் அவ்வாறு ஒதுக்கிய இடத்தில் தலைவராகத் தேர்ந்த தலித்தான முருகேசன் 1997இல் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர்கள் முறையாகப் பொறுப்பேற்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. பெண்களின் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

காஞ்சிபுரம் மாவட்டம் 2019இல் பிரிக்கப்பட்டதை ஒட்டி, ஊராட்சித் தேர்தல் இங்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. மாநகராட்சியான பின் நகரின் முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடைபெற்றது. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தனர். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றப் படிவம் 8. அடிக்கடி வாடகை வீடு மாறும் குடும்பங்களுக்குப் பின்னதே முக்கியம்.