பரண் வழியே போன வெப்பம்

குளிர்நாட்டு வீடுகளில் கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் நடுவே ஆள் புழங்காத பரண் ஒன்று உண்டு; அமெரிக்கர்கள் அதை அட்டிக் என்பார்கள். அதன் தரையில் கண்ணாடி இழையைக் கனமாக விரித்துவிட்டால் வீட்டின் சூடு வெளியேறாது என்றே கட்டடக்காரர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். வெப்பம் பொருள்களின் ஊடாகக் கடத்தப்படுவதை மட்டும் கருதிய கணக்கு அது. காற்று தன்னோடு சுமந்து செல்லும் வெப்பம் அதில் ஏறக்குறைய விடுபட்டிருந்தது. அந்தப் பிழையை நேருக்கு நேர் அளந்து காட்டியதுதான் 1970களின் பெரிய சாதனை.

நியூஜெர்சி மாநிலத்தின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் ஒரே வரைபடத்தில் கட்டிய தொடர்வீடுகளை, இயற்பியலர் ராபர்ட் சோக்கொலோவ் உள்ளிட்ட பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1972 முதல் ஆராய்ந்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆய்வின் அவசரமும் கூடியது. வெப்பக்காப்பு விரித்திருந்தும் பரண்கள் கணக்கு சொன்னதைவிட வெதுவெதுப்பாக இருந்தன. காரணத்தை ஜான் பேயா, கௌதம் தத், தாமஸ் வோடெக்கி ஆகியோர் 1978இல் விளக்கினார்கள். நிலவறை உலையின் புகைபோக்கியைச் சுற்றி விட்டிருந்த இடைவெளி மேலே பரண் வரை திறந்து கிடந்தது. அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுவான சுவர்களின் கான்கிரீட் கற்களும் உள்ளே பொள்ளலாக இருந்தன. சூடான காற்று இவ்வழிகளில் ஏறி, வெப்பக்காப்பைத் தொடாமலே பரணை அடைந்தது. கண்ணாடி இழை காற்றை நிறுத்துவதில்லை, வடிகட்டவே செய்கிறது. ஆகவே அதை இரட்டிப்பாக விரித்தாலும் இந்த இழப்பு நிற்காது. பரண் இடுக்குகளை அடைத்து, நிலவறைக்கும் சன்னல்களுக்கும் காப்பிட்ட ஒரு வீட்டில் சூடேற்றும் தேவை மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததை ஃபிராங்க் சிண்டன் அதே ஆண்டு பதிவுசெய்தார்.

எரிபொருள் செலவு குடியிருப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது என்பார்கள். உண்மைதான், ஒரே மாதிரியான வீடுகளுக்குள் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வேறுபாடு இருப்பதை ட்வின் ரிவர்ஸ் ஆய்வே கண்டது. ஆனால் சுவருக்குள் மறைந்த ஓட்டையை எவ்வளவு சிக்கனமான குடும்பமும் பழக்கத்தால் அடைக்க முடியாது. இன்னொரு வாதம் வலுவானது: இடுக்குகளை அடைத்தால் வீடு மூச்சுமுட்டும், எரிவாயு உலையின் புகை உள்ளே திரும்பும். அடைத்தபின் காற்றோட்டத்தையும் புகைபோக்கியையும் சோதிக்காமல் விடுவது ஆபத்து என்பதில் ஐயமில்லை. அதற்காகக் கசிவே காற்றோட்டம் ஆகிவிடாது. கடுங்குளிரில் அது தேவைக்கு மேல் வீசும், மிதமான நாளில் நின்றுபோகும். மேலேறும் ஈரம் குளிர்ந்த கூரைப் பலகையில் படிந்து மரத்தையும் கெடுக்கும். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் எழுந்த சஸ்காச்சுவான் சிக்கன வீடு இதற்கு விடை சொன்னது: பாலித்தீன் விரிப்பால் வீட்டை இறுக்கமாக மூடி, வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் தூய காற்றுக்கு மாற்றும் கருவியைப் பொருத்தினார்கள். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் எழுந்த பாசிவ் ஹவுஸும் இதே கொள்கையில் நின்றது.

காப்பின் தடிமனை அங்குலத்தில் எண்ணுவது எளிது. கசிவை அறியக் கதவில் விசிறி பொருத்தி அழுத்தம் ஏற்றி அளக்க வேண்டும். எளிதானதையே எண்ணி வெப்பக்காப்புக்குப் பணம் தரும் மானியத் திட்டங்கள் பழைய பிழையைத்தான் திரும்பச் செய்கின்றன. முதலில் அளந்து, இடுக்கை அடைத்து, அதன்பின் காப்பு விரிப்பதே சரியான வரிசை. விரித்த காப்புக்கு அடியில் ஓட்டையைத் தேடுவது இரட்டைச் செலவு.