வேலி கடந்த சேவல்

மன்னர் முடி சூடியதும் படை நடத்தியதும் வரலாறாக எழுதப்பட்டுள்ளன. அயல்வீட்டுக் கோழி வேலிப் பொட்டினூடாக நுழைந்து அடுத்த வளவிற் கிளறியதை எவரும் வரலாறென்று மதிப்பதில்லை. ஆயினும் மக்கள் ஒருவரோடொருவர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர்க்கு, படையெடுப்பைக் காட்டிலும் அக்கோழியே சிறந்த சான்றாகும். படையெடுப்பு என்றோ ஒருநாள் நிகழ்வது. கோழி வேலி கடப்பது நாள்தோறும் நிகழ்வது.

முன்பின் கண்டறியாத சேவலொன்று ஒரு வீட்டு வளவினுள் வந்து நிற்கின்றது எனக் கொள்வோம். அதனுடன் மூன்று வினாக்களும் வேலி கடந்து வந்துவிடுகின்றன. இச்சேவல் யாருடையது? அது கிளறி அழித்த பாத்திக்கு யார் பொறுப்பு? உரியவர் வாராவிடின் அதனை என்ன செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொருட்டு உலகின் பெருஞ் சட்ட அறிஞர்களும் சமய ஞானிகளும் நேரம் செலவிட்டிருக்கின்றனர் என்பது வியப்புக்குரியதேயன்றி நகைப்புக்குரியதன்று.

கோழி மனிதனிடம் வந்த வரலாறே அழையாமல் வந்த வரலாறுதான். வீட்டுக் கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழிகள் ஆவர். வீட்டுக்கோழியென ஐயமின்றிக் கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்து நாட்டின் பான் நொன் வாட் என்னும் தொல்லூரிற் கிடைத்தவை என்றும், அவை கி.மு. 1650க்கும் கி.மு. 1250க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றும் 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. நெல்லும் தினையும் விளைவிக்கத் தொடங்கிய மக்களின் வயலோரங்களில் தானியம் சிந்திக் கிடந்தது. அதனைப் பொறுக்கும்பொருட்டுக் காட்டுக்கோழி மரத்தினின்று இறங்கி வந்தது. வந்தது பின்னர்த் தங்கியது. எனவே, இன்று உலகெங்கும் கூவுகின்ற சேவல்கள் யாவும் ஒருகாலத்தில் அயலான் வயலுள் நுழைந்த பறவையின் வழித்தோன்றல்களே.

தங்கிய பறவைக்கு உடையவன் ஒருவன் ஏற்பட்டான். உடையவன் ஏற்பட்டதும் வழக்கும் ஏற்பட்டது. அவ்வழக்கைத் தெளிவாக ஆராய்ந்தவர்கள் உரோமர்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயசு என்னும் சட்ட அறிஞரின் கருத்துகளைத் தழுவி, யுசுத்தீனியன் பேரரசன் 533ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டப் பாடநூலில், உடையவனை விட்டு நீங்கும் உயிர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

முதலாவது தேனீ. அது இயல்பிற் காட்டுயிர். கூட்டை விட்டுப் பறந்த தேனீக்கூட்டம் உடையவனின் கண்ணுக்குத் தெரியும்வரை, அவன் அதனைத் தொடர்ந்து செல்வது அரிதாகாதவரை, அவனுக்கே உரியது. கண்மறைந்தபின் அதனைப் பிடிப்பவன் எவனோ அவனே உரியவன். இரண்டாவது வகையைச் சேர்ந்தவை மயிலும் புறாவும். இவையும் இயல்பிற் காட்டுயிர்களே. ஆயினும் போய்த் திரும்பும் பழக்கம் உடையவை. அப்பழக்கம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும். திரும்பும் எண்ணம் அற்றுவிட்டால் உரிமையும் அற்றுவிடும்.

கோழியும் வாத்தும் மூன்றாம் வகை. இவை இயல்பிலேயே காட்டுயிர்கள் அல்ல. காட்டுக்கோழி, காட்டு வாத்து எனத் தனியே பெயர் பெற்ற பறவைகள் இருத்தலே இதற்குச் சான்று என்றனர் உரோமர். ஆதலால் ஏதேனும் வெருட்ட, கோழி வெருண்டு பறந்து உடையவனின் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டாலும், அது எங்கிருப்பினும் அவனுடையதே. அதனைத் தன் ஆதாயம் கருதிப் பிடித்து வைத்திருப்பவன் களவு செய்தவனாவான். தேனீக்கு இல்லாத உரிமை, மயிலுக்கு இல்லாத உரிமை, கோழி வளர்த்த எளியவனுக்கு இங்ஙனம் நிலைநாட்டப்பட்டது. கண்ணிலிருந்து மறைவது வேறு, உரிமையிலிருந்து மறைவது வேறு என்பதே அவ்விதியின் உட்கிடை.

சட்டம் இவ்வளவில் நின்றுவிட, அறம் இன்னும் ஓரடி முன்னே சென்ற கதையும் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கலிலேயா நாட்டில் வாழ்ந்த அனினா பென் தோசா என்னும் யூத ஞானி வறுமைக்குப் பேர்போனவர். வழிச்சென்ற ஒருவன் அவர் வீட்டு வாயிலில் சில கோழிகளை விட்டுச் சென்றான். அவற்றைக் கண்டெடுத்த மனைவியிடம், அவற்றின் முட்டைகளை உண்ணலாகாது என்றார் ஞானி. உண்ணாமல் விட்ட முட்டைகள் குஞ்சுகளாயின, குஞ்சுகள் கோழிகளாயின, வீடு கொள்ளாத தொல்லை ஆயிற்று. அவற்றை விற்று ஆடுகள் வாங்கினர். காலங் கழிந்து அவ்வழியே மீண்டு வந்த அம்மனிதன், இவ்விடத்திலன்றோ என் கோழிகளை விட்டுச் சென்றேன் எனத் தோழனிடம் சொல்லியது ஞானியின் செவியில் விழுந்தது. அடையாளம் சொல்ல இயலுமா என்று வினவினார். அவன் அடையாளம் சொன்னான். ஆடுகளைப் பெற்றுச் சென்றான். பாபிலோனியத் தல்மூது என்னும் யூதர் பெருநூல் இதனைப் பதிந்து வைத்துள்ளது. பசித்த வீட்டில் பிறர் கோழி இட்ட முட்டையும் பிறருடையதாகவே காக்கப்பட்டது என்பதிலேயே இக்கதையின் பெருமை தங்கியுள்ளது.

ஞானி கேட்டது அடையாளம். கோழிக்கு அடையாளம் வைக்கும் வழக்கம் தமிழூர்களுக்கும் புதியதன்று. காலிற் சீலைத்துண்டு கட்டுவதும், சிறகின் இறகை நறுக்கிவிடுவதும் வீட்டுப் பெண்களின் கைவேலை. சேவலை ஊர்ப்பெயரும் சேரிப்பெயரும் சொல்லிக் குறித்த தொன்மையும் உண்டு. தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்தில், ஏறத்தாழக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல்லொன்று போரிட்டு மடிந்த சேவலுக்கு எடுக்கப்பட்டது. அதன் எழுத்து அச்சேவலை மேற்சேரிக்கு உரியதெனக் கூறுகின்றது. மாண்ட பின்னரும் சேவல் யாரைச் சேர்ந்தது என்பதைக் கல் மறக்கவில்லை.

உரிமை பற்றிய வினா இவ்வாறு தீர, சேதம் பற்றிய வினா எஞ்சியது. பயிர் அழிந்தவன் வெறுங்கையோடு போவதா? இதற்குச் சுவையான விடை கூறியது பழைய வேல்சு நாடு. பத்தாம் நூற்றாண்டில் அரசாண்ட அவெல் தா என்னும் மன்னன் பெயரால் வழங்கும் அந்நாட்டுச் சட்டங்கள் 13ஆம் நூற்றாண்டு முதலான கையெழுத்துப் பிரதிகளிற் கிடைத்துள்ளன. நாரெடுக்கும் ஆளிச்செடித் தோட்டத்திலோ தானியக் கொட்டிலிலோ அயலான் பேட்டைப் பிடித்தவன், உடையவன் ஒரு முட்டை கொடுத்து மீட்கும்வரை அதனைத் தடுத்து வைக்கலாம். பிடிபட்டது சேவலாயின்? சேவல் முட்டையிடாதே! ஆகவே அதன் நகமொன்றை முறித்துவிட்டுப் போகவிடலாம். அன்றி, உடையவன் வீட்டிலுள்ள பேடுகளின் எண்ணிக்கைக்கேற்ப, பேட்டுக்கு ஒன்றாக முட்டை பெற்றுக்கொள்ளலாம்.

இவ்விதியைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அதன் அளவையும் நோக்குதல் வேண்டும். கிளறிய கோழிக்குத் தண்டம் கோழியன்று, ஒரு முட்டையே. சேதத்துக்கு ஈடு உண்டு, சினத்துக்கு இடமில்லை. கல்லெறிந்து காலை முறிப்பதும், பிடித்துக் குழம்பு வைப்பதும், வேலிச் சண்டை தலைமுறைச் சண்டையாக வளர்வதும் அவ்வொரு முட்டையால் தடுக்கப்பட்டன.

இங்கிலாந்தில் உரியவர் அறியப்படாது அலையும் கால்நடைகள் குறித்து வேறொரு வழக்கம் நிலவியது. 1765ஆம் ஆண்டில் தம் சட்ட விளக்கநூலின் முதற்றொகுதியை வெளியிட்ட வில்லியம் பிளாக்ஸ்டன் அதனை விரித்துரைத்துள்ளார். அலைந்து வந்த மாட்டையோ குதிரையையோ குறித்துக் கோயிலிலும் அண்மையிலுள்ள இரு சந்தை நகர்களிலும் அறிவித்தல் வேண்டும். ஓராண்டும் ஒருநாளும் கழிந்தும் எவரும் கேளாவிடின் அது மன்னனையோ, மன்னனிடம் அவ்வுரிமை பெற்ற நிலக்கிழாரையோ சேரும். பறவைகளுள் அன்னம் ஒன்றே இவ்வழக்குக்கு உட்பட்டது, வேறெப்பறவையும் உட்படாது. அலைந்து திரியும் சேவலை நாடி அரசன் கை நீளவில்லை. அது அயலவர் இருவருக்கிடையே தீர்க்கப்பட வேண்டிய சிறு காரியமாகவே விடப்பட்டது.

இத்தொலைதேசத்துச் செய்திகளுள் உரோமர் விதி இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. ஒல்லாந்தர் 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். உரோமச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட அவர்களது சட்டமும் அவர்களுடன் கரையிறங்கியது. ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டின் பிரகடனத்தால் அதனைத் தொடர்ந்து வழங்கச் செய்தனர். உரோம ஒல்லாந்தச் சட்டம் இன்றும் இந்நாட்டின் பொதுச் சட்டமாக விளங்குகின்றது. வடபுலத் தமிழரின் தேசவழமை பேசாது விட்ட இடங்களிலும் அதுவே துணைபுரிகின்றது.

வீட்டுக்கோழி வேறு, காட்டுக்கோழி வேறு என்று உரோமர் ஏட்டில் எழுதிய வேறுபாட்டை இலங்கையிற் கண்ணாலே காணலாம். இத்தீவையன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத இலங்கைக் காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை. சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் நிறந் தீட்டியது போன்ற அதன் சேவலைக் காட்டோரக் குடியிருப்பினர் நன்கறிவர். அது முற்றத்துக்கு வந்தால் உடையவனைத் தேடவேண்டியதில்லை. காடே அதன் வீடு. மஞ்சளற்ற செங்கொண்டையுடன் வந்து, மனிதனைக் கண்டும் அஞ்சாது நிற்பதாயின், அதற்கு எங்கோ ஒரு கூடு உண்டு, அதனைத் தேடும் கண்கள் உண்டு.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இதே வழியில் நிற்கின்றது. கண்டெடுத்த பொருளை உரியவரிடம் சேர்ப்பதற்காகக் காத்து வைத்திருப்பது குற்றமன்று. உரியவரை அறிந்திருந்தும், அறியும் வழியிருந்தும், தக்க முயற்சி செய்து தேடித் தக்க காலம் காத்திராமலும் தனதாக்கிக் கொள்வதே குற்றம். தேடுதலும் காத்திருத்தலுமே கண்டெடுத்தவன் கடமைகள். கலிலேயா நாட்டு ஞானி செய்ததும் அதுவே.

உடையவனையும் கூட்டையும் இழந்த கோழி என்னாகும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாய் விடையளிக்கின்றது. பொலினீசிய மாலுமிகள் பண்டைக்காலத்திற் கொணர்ந்த கோழிகளும் பின்னர் ஐரோப்பியர் கொணர்ந்த கோழிகளும் அத்தீவில் வாழ்ந்தன. 1982ஆம் ஆண்டிலும் 1992ஆம் ஆண்டிலும் வீசிய பெரும் புயல்கள் கூடுகளைச் சிதறடித்தமையால் வீட்டுக்கோழிகள் பல காடேறின என அத்தீவினர் கூறுவர். இருவகைக் குருதியும் அங்குள்ள கோழிகளிற் கலந்திருப்பதை 2015ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கீரியில்லாத அத்தீவிற் சாலையிலும் கடற்கரையிலும் அவை கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. யாருடைய கோழி என்று அங்கே எவரும் வினவுவதில்லை. வினவுதல் நின்ற இடத்தில் வீட்டுப்பறவை மீண்டும் காட்டுப்பறவையாகிவிட்டது.

கூடு சிதறப் புயல்தான் வேண்டுமென்பதில்லை. 1990ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் இலங்கையின் வடபுலத்து மக்கள் பெருந்தொகையினராகத் தம் ஊர்களை விட்டு நீங்க நேர்ந்தது. கையிற் கொண்டுசெல்ல முடியாதவற்றுள் வீடும் வளவும் கிணறும் மட்டுமல்ல, ஆடும் கோழியும் அடங்கும். கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போயினும் உரியவனுடையது உரியவனுடையதே என்று பழைய உரோமர் கோழியை முன்னிட்டுச் சொன்னது எத்துணைப் பெரிய சொல் என்பதை, நெடுநாட் கழித்து ஊர் திரும்பி, தம் வேலியைத் தாமே தேடிக் கண்டவர்கள் அறிவர்.

பெரும்பொருளில் நேர்மை காத்தலை உலகம் காணும், புகழும். வேலி கடந்து வந்த சேவலிடத்துக் காக்கும் நேர்மையை அயலார் இருவரே அறிவர். நாலு வீடு சென்று, உங்கள் சேவல் இங்கு வந்ததோ என ஒருவர் கேட்பதும், வந்தது, கூடையால் மூடி வைத்திருக்கிறோம், தண்ணீரும் வைத்தோம் என மற்றவர் விடை சொல்வதும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும், பேரரசன் ஒருவன் சட்டப் புத்தகத்தில் எழுதுவித்ததை அவ்விரு வாக்கியங்கள் ஒரு நொடியில் நிறைவேற்றி விடுகின்றன. வேலிகள் நிலத்தைப் பிரிக்கின்றன. அவற்றுக்கு இருபுறமும் வாழ்வோரைச் சேர்த்து வைப்பது இத்தகைய வினாவும் விடையுமேயாம்.