குறையும் சிகரெட், கூடும் வேப்: கூலாய் மாணவரும் போதையும்

மாணவரிடையே புகைப்பழக்கம் குறைந்துவிட்டது என்பவர்களிடம் வலுவான சான்று உண்டு. மலேசிய சுகாதார அமைச்சின் இளையோர் நலக் கணக்கெடுப்புப்படி, சிகரெட் பிடிக்கும் பள்ளி மாணவர்கள் 2017இல் 13.8 விழுக்காடு; 2022இல் 6.2 மட்டுமே. ஆனால் அதே காலத்தில் மின்சிகரெட்டான வேப் இழுப்பவர்கள் 9.8இலிருந்து 14.9 விழுக்காடாகப் பெருகினர். இரண்டும் பழகியவர்கள் உண்டென்பதால் இவ்வெண்களைக் கூட்டிப் பார்க்க முடியாது. எனினும், பழக்கம் தன் கருவியை மாற்றிக்கொண்டது என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம்.

மலேசியத் தமிழரின் போதை எதிர்ப்பு மரபோ புட்டியைச் சுற்றியே வளர்ந்தது. தோட்டக் கள்ளுக்கடைகளை எதிர்த்து 1940களின் பிற்பாதியில் கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. பிறகு மலிவுச் சாராயமான சம்சுவுக்கு எதிரான பரப்புரை. மது வாங்கும் வயது 2017 டிசம்பர் 1 முதல் 18இலிருந்து 21 ஆனது. இவை அனைத்தும் ஒரு கடையையும் ஒரு வாடையையும் நம்பியவை. குடித்துவிட்டு வரும் பிள்ளையைத் தாய் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். வேப் இழுத்துவிட்டு மாம்பழ வாசத்தோடு வருபவனை என்ன கேட்பாள்? வேப் திரவத்தில் செயற்கைக் கஞ்சா கலந்து விற்கப்படுவதையும் காவல்துறை கண்டறிந்துள்ளது. சிகரெட் ஒழுங்குப் பிரச்சினை, கஞ்சா குற்றம் என்று பள்ளிகள் போட்டிருந்த கோடு இங்கே அழிந்துபோகிறது.

வேப்பைத் தடுப்பதில் ஜொகூர் முந்திக்கொண்ட மாநிலம். சுல்தானின் ஆணைப்படி 2016 ஜனவரியிலேயே வேப் கடைகள் மூடப்பட்டன. கடை மூடினாலும் இணைய விற்பனை இருந்தது. 2023 மார்ச் இறுதியில் கூட்டரசு அரசாங்கம் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. சிறாருக்கு விற்பதைத் தடுக்கும் 852ஆம் சட்டம் நடப்புக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1இல். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களை அலட்சியம் என்றே சொல்ல வேண்டும்.

இந்த அலட்சியத்தோடு, ஜொகூரில் உள்ள கூலாயின் வாழ்க்கைமுறையும் சேர்ந்துகொள்கிறது. செம்பனைத் தோட்டங்களும் செனாய் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து நிற்கும் வட்டாரம் இது. ஷிப்ட் வேலைக்கும், விடியுமுன் சிங்கப்பூருக்கும் போகும் பெற்றோரின் வீடுகளில், பள்ளி விட்டபின் பெரியவர் துணையில்லாத மணிநேரங்கள் அதிகம். தமிழ்ப்பள்ளியின் சிறு வட்டத்திலிருந்து பெரிய இடைநிலைப்பள்ளிக்கு மாறும் 13 வயதில் அந்த மணிநேரங்கள் ஆபத்தானவை எனக் கருதுகிறேன்.

கணக்கெடுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது வகுப்பறையில் இருப்பவர்களிடமே கேட்கிறது. படிப்பை நிறுத்தியவர்கள் அதில் வருவதில்லை. ஆகவே மாணவர் எண்ணிக்கையை இளையோர் அனைவருக்குமான அளவாகக் கொண்டால், நிலைமையைக் குறைத்து மதிப்பிடும் அபாயம் உண்டு. ஆகவே மாணவனை வகுப்பறைக்கு வெளியே தள்ளுவது தீர்வாகாது. வேப்புடன் பிடிபட்ட மாணவனை இடைநீக்கம் செய்யும் பள்ளி, துணையற்ற அந்த மணிநேரங்களைத்தான் அவனுக்கு நீட்டித்துக் கொடுக்கிறது. போதைப்பொருளைக் கண்டறிய மாணவரிடம் நடத்தும் சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு முதலில் ஆலோசக ஆசிரியரின் மேசைக்குப் போகட்டும். கூலாய் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை வலியுறுத்த வேண்டும்.