300 யென் ரோபோ பிறந்த கதை

1980 ஜூலையில் ஜப்பானியக் கடைகளில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை 300 யென். உள்ளே முழுப் பொம்மை கிடையாது. வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள், கொஞ்சம் பசை, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று படம் போட்ட ஒரு தாள், அவ்வளவுதான். வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி முடித்தால் ஒரு சாண் உயரம்கூட வராத ரோபோ ஒன்று மேசையில் நிற்கும். அதன் பெயர் கன்டம்.

கன்ப்ளா என்று இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொல்லும் பொழுதுபோக்கு அந்தப் பெட்டியில் தொடங்கியது. அதுவரை விற்பனைக்கு வந்த இந்த வகைப் பெட்டிகளின் எண்ணிக்கை 2021இல் 70 கோடியைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் மூலமான தொலைக்காட்சித் தொடரோ, ஆள் சேரவில்லை என்று முன்கூட்டியே நிறுத்தப்பட்ட தொடர்.

அந்தத் தொடர் 1979 ஏப்ரல் 7 அன்று நாகோயா தொலைக்காட்சியில் தொடங்கியது. நிப்பான் சன்ரைஸ் என்ற ஸ்டுடியோ எடுத்தது. இயக்குநர் யோஷியுகி டோமினோ, இயந்திரங்களை வரைந்தவர் குனியோ ஒகாவாரா. அக்காலத்தில் ரோபோ கார்ட்டூன்களுக்கு ஒரு பொம்மைக் கம்பெனி பணம் போடும். கார்ட்டூன் அந்தக் கம்பெனியின் பொம்மையை விற்றுக் கொடுக்கும். இந்தத் தொடருக்குப் பணம் போட்டது குளோவர் என்ற கம்பெனி. கன்டத்தின் உடம்பில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பளிச்சென்று இருப்பதற்குக் காரணமும் அந்தப் பொம்மை வியாபாரம்தான். டோமினோ விரும்பியது வெளுத்த நிறம்.

ஆனால் டோமினோ எழுதியது போர்க்கதை. ரோபோவை ஓட்டுபவன் அமுரோ ரே என்ற 15 வயதுப் பையன். சண்டைக்குப் போகவே அவனுக்குப் பிடிக்காது. எதிரிகளும் குடும்பமும் துக்கமும் உள்ள மனிதர்கள். ரோபோக்கள் தெய்வ அவதாரங்களாக வராமல், லாரியையும் டாங்கியையும் போலத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்படும் தளவாடங்களாக வந்தன. தோட்டா தீர்ந்துபோகும், கை அறுந்து விழும், பட்டறைக்குப் போய்ச் சரிசெய்து வரும். குளோவர் விற்ற பொம்மையோ ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கானது. அந்தக் குழந்தைகளுக்குக் கதை பிடிபடவில்லை. கதை பிடித்துப்போன பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அந்தப் பொம்மை வேண்டியிருக்கவில்லை. 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43 வாரத்தோடு 1980 ஜனவரி 26இல் முடிந்தது. குளோவரும் 1983இல் மூடப்பட்டது.

பிள்ளைகளின் வயதைத் தவறாகக் கணித்ததுதான் குளோவரின் தோல்வி என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. அந்த மாணவர்களுக்குத் திரையில் பார்த்த இயந்திரம் அதே அளவிலும் அதே உருவிலும் தங்கள் கையால் உருவாக வேண்டியிருந்தது. முடித்துக் கொடுக்கும் எந்தப் பொம்மையாலும், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த ஆசையைத் தீர்த்திருக்க முடியாது.

பண்டாய் கம்பெனிக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற கார்ட்டூனுக்கு அவர்கள் முதலில் விட்ட மாடல் கப்பலில் சாவி கொடுத்தால் ஓடும் சக்கரம் இருந்தது. விண்வெளியில் பறக்கும் கப்பலுக்குச் சக்கரம் எதற்கு என்று ரசிகர்கள் கேட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் சக்கரத்தை எடுத்துவிட்டு, திரையில் கண்டபடியே அலமாரியில் வைக்கும் கப்பலாகச் செய்தபோது அது விற்றது. அந்தப் பாடத்தோடு கன்டத்தின் மாடல் உரிமையை வாங்கினார்கள். தொடர் நின்று ஆறு மாதம் கழித்துப் பெட்டி வெளிவந்தது.

அந்தப் பெட்டியின் பெரிய யோசனை அதன் அளவுதான் என்பேன். கதையில் கன்டத்தின் உயரம் 18 மீட்டர். மாடலின் அளவு 1/144, அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். விமான மாடல் செய்கிறவர்களுக்கு 1/144 பழகிய அளவு. அதுவரை ரோபோ பொம்மைகள் கடைக்காரரின் வசதிக்கு ஏற்ற உயரத்தில் வந்தன. இப்போது எதிரிப் படையின் ஸாக்கு ரோபோவும் அதே கணக்கில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எவ்வளவு உயரம், யார் தோள் அகலம் என்று கண்ணாலேயே அளக்கலாம். கதாநாயகனின் ரோபோ ஒன்றுதான் ஒரு வீட்டில் இருக்கும். எதிரியின் ஸாக்குகளோ படை, அவற்றை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். தோற்கும் தரப்பின் சாதாரணச் சிப்பாயின் இயந்திரத்தையும் அன்போடு செய்து வைக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியது இந்தப் பெட்டிகளால்தான்.

மறு ஒளிபரப்பில் தொடர் பிழைத்தது. 1981 மார்ச்சில் அதைத் தொகுத்துத் திரைப்படமாக்கினார்கள். அதற்கு முந்தைய மாதம் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நடந்த கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டார்கள். பெட்டிகள் வந்த வேகத்தில் தீர்ந்தன. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துக் கடை ஒன்றில் கன்டம் பெட்டிக்காக ஓடிய சிறுவர்கள் எஸ்கலேட்டரில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து காயப்பட்டார்கள்.

ஆனால் அந்த முதல் கன்டத்துக்கு மண்டிபோடத் தெரியாது. முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். தொடரின் கடைசியில் தலையும் இடக்கையும் போன கன்டம் வானத்தை நோக்கித் துப்பாக்கியை நேரே உயர்த்திச் சுடும் காட்சி ஒன்று உண்டு. ரசிகர்கள் மறக்காத அந்த நிலையில் 1980ஆம் ஆண்டுப் பொம்மையை நிறுத்த முடியாது. எனவே பையன்கள் முழங்காலை அறுத்தார்கள், புட்டிக் கலவையை வைத்து நீட்டினார்கள், இடுப்பைத் தனியாகப் பிரித்தார்கள். 'ஹாபி ஜப்பான்' இதழ் இந்த வேலைகளைப் படம்போட்டுச் சொல்லிக்கொடுத்தது. பிள்ளைகள் பெட்டியில் எதை அறுத்துத் திருத்தினார்களோ அதையே கம்பெனி அடுத்த பெட்டியில் செய்து கொடுத்தது. கன்ப்ளாவின் அடுத்த நாற்பது ஆண்டுக் கதையை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

1980களின் நடுவில் மூட்டுக்குள் மிருதுவான பாலிஎத்திலீன் குழல் வந்தது. அதற்குப் பாலிகேப் என்று பெயர். உள்ளே நுழையும் கட்டையான பிளாஸ்டிக் முளையை அது இறுக்கிப் பிடிக்கும், திருப்பினால் திரும்பும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். 1990இல் ஹைகிரேடு வரிசை வந்தபோது ஒரே சட்டத்தில் பல நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றி வார்த்திருந்தார்கள். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக அமர்ந்ததால் பசையும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். 1995இல் 1/100 அளவில் மாஸ்டர் கிரேடு, 1998இல் 1/60 அளவில் பெர்ஃபெக்ட் கிரேடு, 2010இல் அதே பழைய 1/144க்குள் உள்ளெலும்புக் கூட்டோடு ரியல் கிரேடு என்று வரிசையாக வந்தன. 2020இல் வந்த என்ட்ரி கிரேடு கன்டத்தைக் கையாலேயே சட்டத்திலிருந்து கழற்றலாம், நிப்பர் என்ற வெட்டுக்குறடும் தேவையில்லை.

மூட்டு என்றதும் எங்கள் திருப்பதிப் பக்கத்தில் யாருக்கும் நினைவு வருவது புத்தூர்தான். வடமாலபேட்டையிலிருந்து சென்னை போகும் சாலையில் அடுத்த பெரிய ஊர் அது. நூறாண்டுக்கு மேலாக அங்கே பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் துணியும் வைத்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் என் அக்கா மகன் செய்து வைத்த ரோபோவின் இடுப்பு தளர்ந்து அது சாய்ந்தபோது, "ஏன்டா கண்ணா, இதையும் புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கட்டுப் போட்டுட்டு வாயேன்" என்றார் அம்மா. பாட்டி சொன்ன வைத்தியத்தை அவன் வேறு விதமாகச் செய்தான். உருண்டை மூட்டைக் கழற்றி, நிறமில்லாத நகப்பூச்சை அதன்மேல் மெல்லியதாகத் தடவி, நன்றாகக் காயவிட்டுத் திரும்ப மாட்டினான். மூட்டு கெட்டித்தது. காயுமுன் மாட்டினால் அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

செய்கிற முறையைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். துண்டைச் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. முதலில் சட்டத்தின் பக்கமாக வெட்டி, பிறகு ஒட்டியிருக்கும் மிச்சத்தை நெருக்கமாக நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும். அதன்பிறகு நைசான உப்புத்தாள். கவசத் தகடுகளின் இடுக்குக் கோடுகளில் மெல்லிய கறுப்பு மை விட்டால் உருவம் எழும்பி நிற்கும். உள்கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் எனாமல் மை விட வேண்டாம், அது விரிசல் விடும். மேலே அடிக்கும் மங்கல் ஸ்பிரேயை மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் சேர்ந்து பூச்சு வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் அந்த வேலையை ஒத்திவைப்பதே நல்லது.

நிலைக்கு நிறுத்துவது இதைவிடப் பெரிய வித்தை. பெட்டியிலிருந்து வந்த கையோடு இரண்டு காலையும் ஒட்டி நேராக நிறுத்தினால் அது கடை பொம்மை. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பாதத்தின் முழு அடியும் தரையில் படும்படி கணுக்காலை உள்ளே சாய்க்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் மார்பு கொஞ்சம் எதிர்ப்பக்கம் திரும்பட்டும். தலை எப்போதும் துப்பாக்கி பார்க்கும் திசையைப் பார்க்கட்டும். முதுகில் கனமான பை இருந்தால் உடம்பை முன்னே சாய்த்தால்தான் எடை பாதத்துக்குள் விழும். துப்பாக்கி கனம் தாங்காமல் கை இறங்கினால் முழங்கையை விலாவோடு அணைத்து வைக்கலாம். கடைசியாக, நின்ற பொம்மையை அதன் கண் மட்டத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். 18 மீட்டர் உயரம் அப்போதுதான் தெரியும்.

இந்தப் பொம்மை டோக்கியோவில் பிறக்காமல் ஷிசுவோகாவில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஊர் கோயில் வேலைக்கு வந்து தங்கிய தச்சர்களும் சிற்பிகளும் வளர்த்த மரவேலைக்குப் பேர்போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்தார்கள். உலகப் புகழ்பெற்ற டாமியா 1946இல் மரக்கம்பெனியாகத்தான் தொடங்கியது. 1960இல் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டது. ஹசேகாவா, அவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் அதே ஷிசுவோகா மாகாணம். அங்கே ஷிமிசுவில் இருந்த இமாய் கம்பெனி 1969இல் நொடித்தபோது அதன் தொழிற்சாலையையும் மோல்டுகளையும் பண்டாய் வாங்கியது. கன்டத்துக்கு மோல்டு வெட்டிய கைகளுக்குப் பின்னால் மரத்தைச் செதுக்கிய ஊரின் பழக்கம் இருந்தது. 2006இலிருந்து பண்டாயின் ஹாபி சென்டர் ஷிசுவோகாவில் இயங்குகிறது. வெட்டிப்போட்ட வெற்றுச் சட்டங்களைத் திரும்பச் சேகரிக்கும் திட்டத்தையும் 2021இல் தொடங்கினார்கள்.

ஷிசுவோகாவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு எங்கள் திருப்பதி மாவட்டம் கண்முன் வருகிறது. திருப்பதி மரப்பாச்சி, ராஜாவும் ராணியுமாக, நம் கொலுப்படிகளில் தலைமுறைகளாக நிற்கிறது. கடையில் வாங்கும்போது வெறும் மரம். பட்டும் நகையும் வீட்டில் பெண்கள் கையால் போட்ட பிறகே அது கொலுவுக்கு வரும். ஏர்ப்பேட்டுப் பக்கம் மாதவமாலாவில் இன்றும் மரச்சிற்பிகள் வேலை செய்கிறார்கள். மறுபக்கம் ஸ்ரீசிட்டித் தொழில் நகரில் இசுசு, டைகின், டோரே என்ற ஜப்பானியக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. ரேணிகுண்டாவைச் சுற்றி எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள். பிளாஸ்டிக் மோல்டு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் சிபெட் நிறுவனம் 1968இலிருந்து சென்னையில் இருக்கிறது. செதுக்கத் தெரிந்த கையும் வார்க்கத் தெரிந்த எந்திரமும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

இதற்கிடையே, இறக்குமதிப் பொம்மைகளின் சுங்க வரியை மத்திய அரசு 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். உள்ளூர்ப் பொம்மைத் தொழிலை வளர்க்க வந்த நல்ல நோக்கம்தான். சுங்கக் கணக்கில் அளவு மாடல்களும் பொம்மைத் தலைப்பிலேயே அடங்குவதால், சுமை கன்ப்ளா செய்யும் மாணவனின் பையிலும் விழுகிறது. வரியை மட்டும் ஏற்றிவிட்டு மோல்டு வெட்டும் கைகளை வளர்க்காவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது விலையேற்றம் மட்டுமே.

ஆகவே திருப்பதி மாவட்டத் தொழில் துறைக்கும் ஸ்ரீசிட்டிக் கம்பெனிகளுக்கும் என் வேண்டுகோள் இது. மாடல் மோல்டு வடிவமைப்புக்கு ஒரு பயிற்சி வகுப்பு தொடங்குங்கள். கணினி வரைபடத்தோடு களிமண்ணையும் மரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பின் முதல் இடங்களை மாதவமாலாச் சிற்பிகளின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.